இடது பெருவிரல் கழன்றது குறித்து மாப்பிள்ளைக்கு

நல்லூர்,
12.7.2006

அன்புள்ள மாப்பிள்ளை கிட்டுசாமி அவர்களுக்கு மச்சான் கந்தப்பன் எழுதுவது. இங்கு என் ஒரு கையைத் தவிர நானும் மனைவி ரங்காத்தாளும் நலம். சோமனூரில் தாங்களும் தங்கை மயிலாளும் நான்கு தறிகளும் குறைவின்றி இருக்க வேண்டுகிறேன்.

போனில் சொல்லலாம் என்றால் மயிலாள் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாள். நெருப்பெரிச்சல் ஊரில் உள்ள என் இடத்தை அவள் பேருக்கு எழுதித் தருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை நான் பத்திர ஆபீசுக்கு வராதது ஏமாற்ற அல்ல. வரும் வழியில்தான் விழுந்தேன். துணி ரோல் ஏற்றிய வேன் முன்னால் சட்டென்று நிற்க, மொபெட் சாய, நான் ஹேண்டில்பாரை விடவில்லை, விட்டிருக்க வேண்டுமாம். இடது பெருவிரலின் அடியில், மணிக்கட்டோடு சேருகிற மூட்டு கழன்றுவிட்டது. எலும்பு உடைந்ததா என்றேன், இல்லை என்றார் டாக்டர். அப்படியானால் போகலாமா என்றேன், கூடாது என்றார். உடையாத எலும்புக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று இன்னும் விளங்கவில்லை. அவர் விரலை இழுத்து அமுக்கினார், உள்ளே போனது. கையை எடுத்தார், வெளியே வந்தது. மூன்று தடவை. எக்ஸ்ரே ஒன்றில் சரியாக இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. இரண்டும் என் கைதானாம். "நிக்க மாட்டேங்குதுங்க, கம்பி போட்டுத்தான் நிறுத்தோணும்" என்று கம்பி வைத்து ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு போட்டுவிட்டார்.

பத்திரம் எழுதும் நல்லானோ ரேகைக்கு இடது பெருவிரல்தான் வேண்டும் என்கிறார். இதைக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த மயிலாள் கட்டைப் பார்த்து, "பத்து விரல்ல இந்த விரல்தானுங்களாண்ணா கழண்டுச்சு?" என்றாள். எனக்கும் அதே சந்தேகம்தான் என்று சொன்னது தப்பாகிவிட்டது. கொண்டுவந்த சாத்துக்குடியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆவணிக்குள் தாங்கள் வாடகை ஷெட்டைக் காலி செய்யவேண்டும், அந்த இடம் இல்லாமல் தறிகளை எங்கே வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? தூக்கமே இல்லை. ஆறு வாரம் பொறுங்கள்.

குழந்தை நித்யஸ்ரீ கண்ணுக்கு ஆசிகள். மயிலாள் கோபம் இல்லாத நேரம் பார்த்து நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
கந்தப்பன்

பி.கு.: அண்ணா, ரங்காத்தாள் எழுதறேனுங்க. நல்லான் பழைய பத்திரம் கேட்டாருன்னு இன்னிக்கு பீரோவைத் திறந்தேன். அந்த இடம் என் பேர்லதான் இருக்குதுங்க. வாங்கினப்பவே அப்படித்தான், இவரு மறந்துட்டாரு. இவரு ரேகையே வேண்டியதில்லீங்க. வர்ற புதன்கிழமை மயிலாளைக் கூட்டிட்டு வாங்க, நான் வந்து எழுதித் தர்றேன். என்னை யாரும் கேக்கலீங்க. கேட்டிருந்தா போன மாசமே குடுத்திருப்பேன்.