நீரோட்டம் பார்த்த நகராட்சி

பிண்டாரூ நகரில் அந்தக் கோடையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் நூலாக இறங்கியது. கடைத்தெருவிலோ கூட்டம் வெள்ளமாகப் பாய்ந்தது. கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தவர்கள், மடக்கு நாற்காலியோடு வந்தவர்கள், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் என்று எல்லாரும் நடைபாதையில் இடம் பிடித்தார்கள். மண்டையைப் பிளக்கும் வெயில். ஒருவரும் நிழலுக்குப் போகவில்லை. போனால் அற்புதம் தவறிவிடுமே!

அற்புதத்தின் பெயர் லின்ட்சே டிரெம்பாத். குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்க நகராட்சி வரவழைத்த ஆள். அகலமான தோல் தொப்பி, வெள்ளைத் தாடி, இரண்டு கையிலும் வளைத்த செம்புக் கம்பிகள். பூமிக்கடியில் ஓடும் தண்ணீர் அந்தக் கம்பிகளோடு பேசுமாம். அவர் மெல்ல நடப்பார். கம்பிகள் நடுங்கும். நடுங்கி, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழும். அவர் கண்ணை மூடிப் பெருமூச்சு விடுவார். கூட்டமும் விடும்.

"இங்கதான். என் காலுக்கு நேர் கீழ. குழாய் போகுது."

நகராட்சி ஆட்கள் தோண்டினார்கள். குழாய் இருந்தது. கைதட்டல் வானத்தைப் பிளந்தது. நகராட்சி புதைத்த குழாய் நகராட்சித் தெருவிலேயே கிடைத்ததற்கு அப்படியொரு கைதட்டல்!

மெரில் ஹாஸ்கின் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். நகராட்சியின் வாராந்திரச் செய்திக் குறிப்பை எழுதுவது அவள் வேலை. எந்தத் தெருவுக்குக் குப்பை வண்டி எப்போது வரும், எந்தப் பூங்காவில் கழிப்பறைக் கூரையை மாற்றுகிறார்கள், நாய்க்கு உரிமம் புதுப்பிக்கக் கடைசி நாள் எது என்று எழுதுவாள். இணையப் பக்கத்தில் போடுவாள், நூலகக் கண்ணாடியில் ஒட்டுவாள். படிக்கத்தான் ஆள் கிடையாது. ஒருமுறை தவறிப்போய் முந்தின வருடக் குறிப்பையே ஒட்டிவிட்டாள். அது பாட்டுக்குத் தொங்கியது. ஒரு புகார்கூட வரவில்லை.

அப்படிப்பட்டவள், 'பூமியின் குரல் கேட்கும் மனிதர்' என்று தலைப்புப் போட்டு டிரெம்பாத்தைப் பற்றி எழுதினாள். ஊரே படித்தது. ரொட்டிக்கடைக்காரர் வாசலுக்கு வந்து கை குலுக்கினார். மருந்துக்கடையில் இரண்டு பெண்கள் அவள் வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தார்கள். மெரிலுக்குத் தலை கால் புரியவில்லை. அடுத்த வாரமும் எழுதினாள், அதற்கடுத்த வாரமும்.

டிரெம்பாத் விரிந்துகொண்டே போனார். பூமிக்கடியில் நல்ல நீரோட்டம் உண்டு, கெட்ட நீரோட்டம் உண்டு என்றார். கெட்டது வீட்டுக்கடியில் போனால் தூக்கம் வராது, முட்டி வலிக்கும், கோழி முட்டையிடாது. பரிகாரம்? வீட்டு மூலையில் ஒரு செம்பு ஆணி. கடையில் கிடைக்கும் செம்பு உதவாது. அவரிடம் வாங்கும் செம்புதான் கேட்கும். பக்கத்து வீட்டு வில்மா நான்கு மூலைக்கும் நான்கு வாங்கினாள். வழுக்கி விழுந்த இடுப்புக்காக ஐந்தாவது ஒன்று.

"இப்ப வலி எப்படி இருக்கு வில்மா?" என்று மெரில் வேலிக்கு மேலாக எட்டிக் கேட்டாள்.

"அப்படியேதான் இருக்கு. ஆனா இப்ப ஏன் வலிக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு பாரு, அதுவே ஒரு நிம்மதி."

சாலையில் குழி விழுவதும் கெட்ட நீரோட்டத்தால்தான் என்று டிரெம்பாத் அறிவித்தபோது மேயர் ரசல் குவிபெல் துள்ளிக் குதித்தார். தார் வேண்டாம், ஜல்லி வேண்டாம், குழிக்கு ஒரு ஆணி போதும்! நகராட்சி ஆட்கள் சுத்தியலோடு கிளம்பினார்கள். முன்பு சக்கரம் குழியில் விழுந்தது. இப்போது குழியிலும் விழுந்து ஆணியிலும் குத்திக்கொண்டது. 'சாலைப் பராமரிப்பில் புதிய பாய்ச்சல்' என்று மெரில் எழுதினாள்.

பிறகு நீச்சல் குளம். குளத்தில் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. எங்கோ ஒழுகுகிறது என்று குழந்தைக்கும் தெரியும். டிரெம்பாத் கம்பியோடு ஒரு சுற்று வந்தார். "அடியில ஒரு பசிபிடிச்ச ஓட்டம் இருக்கு. குளத்தை அது உறிஞ்சுது" என்றார். குளத்தை வடித்துப் பூட்டினார்கள். சுற்றிலும் ஆணி அடித்தார்கள். ஓட்டத்தின் பசி அடங்கும்வரை திறக்கக் கூடாதாம். பிள்ளைகள் கம்பி வேலிக்கு வெளியே துண்டும் கையுமாக நின்று, காய்ந்த தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெரில் அதையும் படம் எடுக்கப் போனாள். ஏனோ எடுக்காமல் திரும்பிவிட்டாள்.

மெரிலை வெளுத்து வாங்கியது ஸ்டாவ்ரூலாதான். கடைத்தெருவில் மீனும் உருளைக்கிழங்கும் வறுத்து விற்பவள். மெரிலின் பள்ளிக்காலத் தோழி. ஊரின் பெரிய கசிவு அவள் கடை வாசலுக்குக் கீழேதான் என்று டிரெம்பாத்தின் கம்பி காட்டிக்கொடுத்தது. பொக்லைன் வந்து தோண்டியது. உலர்ந்த களிமண். கம்பி ஒரு எட்டு தள்ளிக் காட்டியது. தோண்டினார்கள். இன்னும் உலர்ந்த களிமண். மூன்றாவது பள்ளமும் விழுந்த பிறகு, கடைக்குள் வர விரும்பியவர்கள் தாண்டிக் குதித்துத்தான் வரவேண்டியிருந்தது. மீன் தின்ன யார் குதிப்பார்கள்?

"ஏன்டி மெரில், உள்ள வர பலகை போட்டிருக்கேன், விழுந்து தொலைக்காத" என்று வரவேற்றாள் ஸ்டாவ்ரூலா. அடுப்பு அணைந்திருந்தது. "என்ன எழுதின போன வாரம்? 'கடைத்தெருவில் கசிவு வேட்டை தீவிரம்'னா? என் பொழப்பை இல்ல வேட்டை ஆடிட்டிருக்கு!"

"அவர்கிட்ட கேட்டேன். பொக்லைன் சத்தம் கேட்டு ஓட்டம் ஒதுங்கிடுச்சாம். தண்ணிக்குக் கூச்ச சுபாவம்னு சொன்னார்."

"கூச்சமா? நாலு நாள் வெள்ளம் வந்தப்ப என் படுக்கையறை வரைக்கும் வந்துச்சே, அப்ப எங்கடி போச்சு அந்தக் கூச்சம்?" ஸ்டாவ்ரூலா கரண்டியை மேசைமேல் போட்டாள். "ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. தோண்டித் தண்ணி வந்தா அவன் கெட்டிக்காரன். வரலைன்னா தண்ணி கெட்டது. சரி, அவன் எப்பதான்டி தோப்பான்?"

மெரில் யோசித்துப் பார்த்தாள். தோற்கவே முடியாத ஆட்டத்தை ஒருவன் ஆடுகிறான் என்றால், அது ஆட்டமே இல்லை. இத்தனை வாரம் எழுதியவளுக்கு இது தோன்றவில்லையே என்று காதெல்லாம் சூடேறியது.

மறுநாள் அவள் டிரெம்பாத்தின் கம்பியைப் பார்க்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்தாள். அது தொப்பிக்கு அடியிலிருந்து சாலையோரம் மேய்ந்தது. தண்ணீர்க் குழாய் போகும் வழியெல்லாம் வால்வுக்கு மேல் வட்டமான இரும்பு மூடி பதித்திருப்பார்கள். இந்த மூடிக்கும் அந்த மூடிக்கும் நடுவே கோடு போட்டால் குழாய் அங்கேதான் இருக்கும். கம்பி நடுங்கியதும் அங்கேதான். ஸ்டாவ்ரூலாவின் கடை வாசலில் மூடியே கிடையாது. அங்கே மட்டும் பூமி தப்புத் தப்பாகப் பேசியது!

ஓடிப்போய் மேயரிடம் சொன்னாள்.

"மேயரே, அவரை ஒரு தடவை சோதிச்சுப் பாத்துடலாமே."

"சோதனையா? ஊரே கும்பிடுற ஆளையா? தேர்தல் வருது மெரில்." குவிபெல் குரலைத் தாழ்த்தினார். "வியாழக்கிழமைக் கூட்டத்துல புதுக் குழாய் போடுற நிதியை அப்படியே அவருக்கு மாத்துறோம். மூணு வருஷ ஒப்பந்தம். நீ நல்ல தலைப்பா யோசி. வேற வேலை தேடணும்னு ஆசையிருந்தா மட்டும் வேற மாதிரி யோசி."

மெரில் நாற்காலிக்குத் திரும்பினாள். புதுக் குழாய் இல்லையென்றால் ஊர் முழுக்க ஒழுகும். குளம் திறக்காது. அவளும் வருடம் முழுக்க 'பாய்ச்சல்' என்று எழுதிக்கொண்டே இருக்கலாம். நகராட்சியின் பொதுப்பணிப் பிரிவிலிருந்து வழக்கமான தகவல் மேசைமேல் கிடந்தது. படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு அந்த வாரக் குறிப்பை எழுதி, மேயரின் கையெழுத்துக்குக் கொண்டுபோனாள். குவிபெல் தன் படம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நாய் உரிமத்துக்கும் கழிப்பறைக் கூரைக்கும் நடுவே அதில் இருந்தது இதுதான்: வியாழன் மதியம் முதல் இரவு வரை வால்வு மாற்றும் வேலைக்காக நகர மன்றத் தெருவில் தண்ணீர் முழுவதும் நிறுத்தப்படும். இணையத்தில் போட்டாள். நூலகக் கண்ணாடியில் ஒட்டினாள். ஊருக்குப் பகிரங்கமாகச் சொல்லியாயிற்று.

ஸ்டாவ்ரூலா மட்டும் படித்தாள். வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தாளே, படிக்க நேரம் இருந்தது.

வியாழக்கிழமை மாலைக் கூட்டத்துக்கு முன்னால் நகர மன்ற வாசலில் ஊர் திரண்டது. தெருக் குழாய்களில் ஒரு சொட்டு இல்லை. யாரும் கவனிக்கவில்லை. தண்ணீர் வராதது அந்த ஊரில் ஒரு செய்தியா?

"டிரெம்பாத் ஐயா, குறிப்புக்கு ஒரு படம் வேணும். இந்தத் தெருவுல பெரிய குழாய் போகுது. தண்ணி எப்படி ஓடுதுன்னு பார்த்துச் சொல்றீங்களா?" என்றாள் மெரில்.

படம் என்றதும் டிரெம்பாத் தாடியைத் தடவிக்கொண்டார். "அதுக்கென்ன கண்ணு, தாராளமா!"

நடந்தார். கம்பிகள் நடுங்கின. குறுக்கே விழுந்தன. சும்மா விழவில்லை, சடாரென்று விழுந்தன.

"அப்பப்பா! என்ன வேகம், என்ன வேகம்! கம்பியைப் பிடிக்க முடியலையே! வடக்கேருந்து தெக்கே ஓடுது. குளிர்ந்த தண்ணி. லேசா உப்பு."

"நிச்சயமா ஓடுதா?"

"என் அம்மாமேல சத்தியம். காதுலயே கேக்குது!"

மேயர் கைதட்டினார். ஊர் தட்டியது. மெரில் கேட்டாள்: "மேயரே, தாகமா இருக்கு. வாசல்ல இருக்கிற அந்தக் குடிதண்ணிக் குழாயைக் கொஞ்சம் திறங்களேன்."

குவிபெல் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே திறந்தார். 'புஸ்ஸ்' என்றது குழாய். இன்னும் திருகினார். இருமியது. ஒரு சிலந்தி வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

"மத்தியானத்துலேருந்து இந்தத் தெருவுல தண்ணி கிடையாது," என்றாள் மெரில். "குறிப்புல போட்டிருக்கேன். மேயர் கையெழுத்துப் போட்டிருக்கார்."

எல்லாரும் மேயரைப் பார்த்தார்கள். மேயர் குழாயைப் பார்த்தார்.

டிரெம்பாத் அசரவில்லை. "தண்ணி போனாலும் தண்ணியோட ஞாபகம் குழாய்ல தங்கும். கம்பி ஞாபகத்தைப் பிடிச்சுது."

"ஞாபகமா வடக்கேருந்து தெக்கே ஓடுச்சு? ஞாபகமா உப்புக் கரிச்சுது?" என்று கத்தினாள் ஸ்டாவ்ரூலா. "சரிய்யா, குழாய் இருக்குல்ல, அதையாவது பிடி. இந்தா, கண்ணைக் கட்டிக்கிட்டுப் பிடி!" இடுப்பிலிருந்த மீன்கடை ஏப்ரனை அவிழ்த்து நீட்டினாள்.

"கண்ணைக் கட்டினா என் கவனம் சிதறும்" என்று டிரெம்பாத் ஓர் அடி பின்வாங்கினார்.

அப்போது ஒரு குரல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது. எதிரியின் குரல் அல்ல. ஐந்து ஆணி வாங்கிய வில்மாவின் குரல். "அட, கட்டுங்கய்யா! பாக்குறது கம்பிதானே, கண்ணு எதுக்கு? வாயாடுறவங்க வாயை அடைங்க!"

"கட்டு! கட்டு!" என்றது ஊர், முழு பக்தியோடு. பக்தர்கள் கேட்டபிறகு தப்ப முடியுமா? மீன் வாடையோடு ஏப்ரன் கண்ணில் ஏறியது. மெரில் அவரை இரண்டு சுற்றுச் சுற்றி விட்டாள்.

கம்பிகள் முதலில் ஒரு காரின் முன்னால் குறுக்கிட்டன. பிறகு தூங்கிக்கொண்டிருந்த நாயின்மேல். நாய் எழுந்து இடம் மாறியது. "இங்க, பெரிய ஓட்டம்!" என்று டிரெம்பாத் முழங்கி நின்ற இடத்தில் மேயரின் தொப்பை இருந்தது.

யாரோ ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு தெருமுனை வரை போய்த் திரும்பியது. ஏப்ரனை அவிழ்த்தபோது டிரெம்பாத்துக்கு முன்னால் கைதட்ட ஒருவரும் இல்லை. மெரில் சாலையோர மூடிகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். இரண்டு மூடி, நடுவே ஒரு கோடு. சின்னப் பிள்ளைகளே நடந்து பார்த்துக் குழாய் இருக்குமிடத்தைச் சொன்னார்கள், கம்பியும் இல்லாமல், தாடியும் இல்லாமல்.

கூட்டத்தில் புதுக் குழாய்க்கான நிதி புதுக் குழாய்க்கே போனது. இரண்டு உறுப்பினர்கள் அப்போதும் டிரெம்பாத்துக்குத்தான் கை தூக்கினார்கள். தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று தெரியவில்லை போலும். டிரெம்பாத் மூட்டை கட்டி அடுத்த ஊருக்குப் போய்விட்டார். குளத்தின் பம்புக்குப் பக்கத்தில் கைவிரல் அளவு விரிசல் இருந்தது. அடைத்து, நீர் நிரப்பித் திறந்தார்கள். பிள்ளைகள் குதித்த குதியில் பாதித் தண்ணீர் வெளியே வந்தது. ஸ்டாவ்ரூலாவின் வாசலை மூடித் தார் போட்டார்கள். மேயர், தொடக்கத்திலிருந்தே தனக்குச் சந்தேகம் இருந்ததாகப் பேட்டி கொடுத்தார். மெரிலின் வேலை போகவில்லை. அவளை வெளியே அனுப்பினால் ஏன் என்று ஊர் கேட்குமே!

அடுத்த ஞாயிறு வேலியோரம் வில்மா ஆணிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னுமா பிடுங்கலை?" என்றாள் மெரில்.

"பிடுங்கிட்டா ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"இருக்கும்போது ஏதாவது நல்லதாச்சா?"

"ஆகலைதான். ஆனா இது இல்லைன்னா இன்னும் எவ்வளவு மோசமா இருந்திருக்கும், யோசிச்சியா?"

மெரிலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தன் காலடியில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள, கண்டவனுக்கெல்லாம் கப்பம் கட்டுகிறார்கள் மனிதர்கள். தலைக்குள் ஏதாவது ஓடுகிறதா என்று ஒருநாள் பார்த்துவிட்டால் என்னவாம்? அதற்குக் கட்டணமும் இல்லை, கம்பியும் வேண்டாம்!