மாலை போட்ட சர்வர்

என்னால் இரண்டு நிமிடம் சும்மா உட்கார முடியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். காலைப் பிடித்து வைத்தால் விரல் மேஜையில் தாளம் போடும். விரலையும் மடக்கி வைத்தால் வாய் தானாகத் திறந்து ஏதாவது ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிடும். கை கால் ஆடுவதில் பெரிய நஷ்டம் இல்லை, அம்மாவின் திட்டோடு சரி. என் வாழ்க்கையில் நடந்த விபத்துகளுக்கெல்லாம் அந்த வாய்தான் காரணம்.

ரெட்டிபாளையம் பக்கம் ஒரு லாரி கம்பெனியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் கம்பெனி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள் நான். அதற்கு மேல் பெரம்பலூரில் மூன்று வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேறு. (அடக்கமாகத்தான் எழுதுகிறேன். நேரில் சொன்னால் இன்னும் கொஞ்சம் நீளும்.) ஆனால் ஆபீஸில் எனக்குக் கொடுத்திருந்த வேலை, லோடு சீட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. அதுவும் தற்காலிகம். "கொஞ்ச நாள் பாப்பம், அப்பறம் ஆர்டர் தரேன்" என்று முதலாளி சொல்லியிருந்தார். வீட்டில் நான் சொல்லியிருந்தது வேறு. எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம், "மொத்தக் கம்ப்யூட்டரும் என் பொறுப்புப்பா, பர்மனென்ட்டு" என்று சேர்ந்த அன்றைக்கே அளந்துவிட்டிருந்தேன். அப்பா அதை வயல்வரப்பெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

ஆபீஸ் தகவல் எல்லாம் அப்போது செல்போன் குழு ஒன்றில் ஓடிக்கொண்டிருந்தது. எந்த லாரி எத்தனை டன், எது பஞ்சர் என்பதற்கு நடுவே ரோஜாப்பூ, காலை வணக்கம், யாரோ ஒரு டிரைவரின் குழந்தைக்கு மொட்டையடித்த படம். ஒருநாள் முதலாளி ஒரு டிரைவரைத் திட்டிப் பேசி அனுப்பியது தவறிப்போய் ஆலை அதிகாரி ஒருவருக்குப் போய்விட்டது. சாதாரணத் திட்டு இல்லை. மூன்று தலைமுறையை விசாரித்த திட்டு.

"நமக்குன்னு தனியா ஒண்ணு வேணும்மா ராணி" என்றார் முதலாளி. "நம்ம காம்பவுண்டுக்குள்ளயே சுத்தணும். வெளிய போவக்கூடாது."

"பண்ணிடலாம் சார்" என்றது என் வாய். "சாட் சர்வர் ஒண்ணு போட்டா முடிஞ்சுது."

(கல்லூரித் தேர்வு ஒன்றில் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு எவ்வளவு மார்க் வந்தது என்று நல்லவேளை அவர் கேட்கவில்லை.)

"ஆயுத பூஜையன்னைக்கு ஓட வெச்சுக் காட்டு. வெத்தலபாக்கோட ஆர்டரையும் சேத்துத் தட்டுல வெச்சுத் தரேன்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து கால் மட்டுமல்ல, நாற்காலியே ஆடத் தொடங்கிவிட்டது.

ஒரு பழைய கம்ப்யூட்டரை என் மேஜைக்கு இழுத்து வந்தேன். கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் இருந்துகொண்டு, கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்கிற நிரல்களை டீமன் என்பார்கள். அப்படி ஒரு சாட் டீமனை இறக்கி ஓடவிட்டேன். அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். திறந்தேன். பக்கம் பக்கமாக ஆங்கிலம். பொறுமையாகப் படிக்கிறவர்களுக்காக எழுதியிருந்தார்கள். நான் மேலிருந்து கீழே ஓடினேன், கீழிருந்து மேலே ஓடினேன். எனக்கு முழுசாகப் புரிந்த வரி ஒன்றே ஒன்றுதான்: உள்ளே வருகிறவர்களுக்குக் காட்டும் வரவேற்பு வாசகம். அதற்கு நேர் மேலே, வேறு கம்ப்யூட்டர்களிலிருந்தும் ஆட்கள் வரவேண்டுமென்றால் இந்த முகவரியை மாற்றிக்கொள் என்று ஒரு குறிப்பு இருந்தது. அதைப் படிக்க நேரமில்லை. வரவேற்பை எழுதும் அவசரம்.

பக்கத்தில் யாருமில்லை. இப்படி எழுதினேன்:

"வருக! இது மகாராணி செல்வராணியின் அரண்மனை. முதலாளி உட்பட அனைவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்."

சோதனைக்குத்தான். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான்.

அதே கம்ப்யூட்டரில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் ராணியாகவும் இன்னொன்றில் மந்திரியாகவும் நுழைந்தேன். மந்திரி வணக்கம் சொன்னார், ராணி ஏற்றுக்கொண்டாள். பிரமாதமாக ஓடியது! எடைமேடை, லாரி ஷெட், முதலாளி மேஜை என்று காம்பவுண்டில் இருந்த மற்ற கம்ப்யூட்டர்களிலும் பேசுவதற்கான நிரலைப் போட்டுவிட்டேன். ஒரே ஒரு தடவை அங்கிருந்து நுழைந்து பார்த்திருக்க வேண்டும். போனேன். முதலாளி கையைத் தட்டிவிட்டார்.

"நல்ல நேரத்துல நான்தான் மொத மெசேஜ் போடணும். அதுக்கு முன்னாடி யாரும் தொறக்கப்படாது."

புது லாரியைக்கூட எலுமிச்சம்பழம் நசுக்காமல் கேட்டைத் தாண்ட விடாத மனிதர். நானும் சரி என்று விட்டுவிட்டேன். மந்திரிதான் ஏற்கெனவே சான்றிதழ் கொடுத்துவிட்டாரே!

ஆயுத பூஜை வந்தது. லாரிகளுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, திருநீறும் சந்தனமும் பூசி, ஜாக்கி முதல் ஸ்பேனர் வரை வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். என் சர்வருக்கு முதலாளியம்மா தன் கையாலேயே அலங்காரம் செய்திருந்தார். பவர் பட்டன் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம். மானிட்டரின் குறுக்கே தொங்கத் தொங்க சாமந்தி மாலை. கீபோர்டின் மேல் பொரி, அவல், கொய்யாப்பழத் தட்டு. பக்கத்து வெற்றிலைத் தட்டில் நீளக் கவர் ஒன்று. என் ஆர்டர்.

அப்பாவும் வந்திருந்தார், நான்தான் வரச்சொல்லியிருந்தேன். வெள்ளை வேட்டி, பெட்டி மடிப்பு கலையாத சட்டை. எல்லார் செருப்பும் ஹால் வாசலில் கிடந்தது. அப்பாவுடையது மட்டும் தூரத்தில், கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. (ஊரில் சில தெருக்களில் அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த காலம் ஒன்று உண்டு. அவர் அதைப் பற்றிப் பேச மாட்டார். கால் மட்டும் மறக்கவில்லை.) எவ்வளவு கூப்பிட்டும் நிலைப்படி தாண்டி வரவில்லை. "இங்கேருந்தே நல்லா தெரியுது பாப்பா" என்றார்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. எடைமேடையில் சீட்டுப் போடும் ஜோதி அக்கா. எனக்குத் துணையாக இன்னொரு பொறுமையில்லாத ஜீவன்.

"ஏ புள்ள, சும்மா தொறந்து பாத்தேன். உள்ள வுட மாட்டேங்குது."

"நல்ல நேரம் வரலக்கா."

"நேரத்தப் பாத்தா கம்ப்யூட்டரு கதவத் தொறக்குது? இணைக்க முடியலன்னு செவப்பா வருதுடி. ஷெட்டுலயும் அப்படித்தானாம்."

அப்போதுதான், படிக்காமல் தாண்டிப்போன அந்த வரி, கண்ணெதிரே எழுத்தெழுத்தாக வந்து நின்றது. 127.0.0.1. ஒரு கம்ப்யூட்டர் தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் முகவரி. என் சர்வர் தன் வீட்டுக்குள் இருந்து கூப்பிட்டால் மட்டும்தான் பதில் சொல்லும், வெளியே நின்று யார் கத்தினாலும் காதில் விழாது. இத்தனை நாள் ராணியும் மந்திரியும் ஒரே அறைக்குள் உட்கார்ந்து மாறி மாறி வணக்கம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஒரு வரியை மாற்றி டீமனை நிறுத்தி ஓட்டினால் போதும். ஒரு நிமிட வேலை. தட்டை நகர்த்தக் கை நீட்டினேன்.

"ஏய் ஏய் ஏய்!" என்றார் முதலாளியம்மா. "பூசை வெச்ச சாமானைத் தொடப்படாதும்மா. தீவாரனை ஆவட்டும்."

"ஒரே ஒரு நிமிஷம்மா..."

"சொன்னாக் கேளு."

அந்த வீட்டில் முதலாளியே சொன்னால் கேட்கிற ஆள்தான். தீபாராதனை முடிந்த நொடியில் முதலாளி செய்தி அனுப்புவார். அது போகாது. கவர் திரும்ப அவர் சட்டைப்பைக்குப் போகும். அப்பா நிலைப்படியில் நின்று அதைப் பார்ப்பார்.

மணியடிக்கத் தொடங்கினார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. (எனக்கு யோசனை வந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் நகர்ந்துகொள்வது நல்லது.) சர்வருக்கு முன்னால் மண்டியிட்டுவிட்டேன். "சாமி கும்பிட்டுக்கறம்மா" என்று சொல்லி, மேஜை விரிப்புக்கு அடியில் கையைவிட்டு, தட்டுக்குக் கீழிருந்து கீபோர்டை அங்குலம் அங்குலமாக மடிக்கு உருவினேன். ஒரு கொய்யாப்பழம் உருண்டு ஓடியது. யாரும் கவனிக்கவில்லை. கட்டளைகளைத் தப்பில்லாமல் அடிப்பதற்காக உதட்டுக்குள் முணுமுணுத்தேன். கற்பூரப் புகையில் கண்ணீர் கொட்டியது.

"என்னா பக்தி பாரு இந்தப் பொண்ணுக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "மந்திரமெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்குதே."

கோப்பைத் திறந்தேன். சாமந்தி மாலை திரையின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. மேல்பாதியில் அந்த 127 தெரிந்தது. அழித்தேன். 0.0.0.0 என்று போட்டேன். எந்தப் பக்கமிருந்து யார் கூப்பிட்டாலும் கதவைத் திற என்று பொருள். சேமித்தேன். டீமனை நிறுத்தி ஓடவிட்டேன். கீபோர்டைத் தட்டுக்கு அடியில் திரும்பச் செருகி எழுந்தபோது தலை நிமிர்ந்திருந்தது. உலகத்திலேயே ஒரு சர்வரைச் சாமி கும்பிட்டபடி சரிசெய்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று அந்த நிமிடம்கூடப் பெருமைதான் பட்டுக்கொண்டிருந்தேன்.

தீபாராதனை முடிந்தது. முதலாளி கண்ணில் ஒற்றிக்கொண்டு தன் கம்ப்யூட்டருக்கு முன் உட்கார்ந்து ஒரு பட்டனைத் தட்டினார். கதவு திறந்தது.

மாலைக்குப் பின்னால் இருந்த வரியின் ஞாபகம் அப்போதுதான் எனக்கு வந்தது.

"கண்ணாடிய வூட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன். என்னம்மா போட்டிருக்கு?" என்றார் முதலாளி.

"வருகன்னு போட்டிருக்குங்க சார்."

"வருக இவ்ளோ நீளமாவா?"

"ரெண்டு மூணு தடவ வருகங்க சார்."

"தள்ளு, நான் படிக்கிறேன்" என்று முதலாளியம்மா வந்தார். சாமி பாட்டுப் படிக்கும் அதே குரலில், ஹால் முழுக்கக் கேட்கும்படி, ஒரு சொல் விடாமல் படித்தார். 'முதலாளி உட்பட' என்ற இடத்தில் குரல் இறங்கியது. 'செருப்பைக் கழற்றிவிட்டு' என்ற இடத்தில் நின்றே போனது. மிச்சத்தைக் கடமைக்காக முடித்தார்.

உடனே கம்ப்யூட்டர் டிங் என்றது. எடைமேடையிலிருந்து ஜோதி அக்கா: "கழட்டிட்டேன் மகாராணி." இன்னொரு டிங். லாரி ஷெட்: "ஷூவும் கழட்டணுங்களா?"

என் கால் அன்றைக்கு ஆடவில்லை. வாயும் திறக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் அடங்கியது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

முதலாளி குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். பூஜைக்காக அவரும் வெறுங்கால்தான்.

"நான்தான் அப்பவே கழட்டிட்டேனே" என்றார்.

ஹாலே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. வெற்றிலைத் தட்டிலிருந்து கவரை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "மெசேஜெல்லாம் நல்லாத்தான் போவுது. ஆர்டரப் பொங்கலுக்கு அப்பறம் பாத்துக்கலாம். அந்த எழுத்த மட்டும் இப்பவே அழி."

"பூசை வெச்ச சாமானை நாளைக்குக் காலைல வரைக்கும் யாரும் தொடப்படாது" என்றார் முதலாளியம்மா. "நீங்க சொன்னாலுந்தான்."

முதலாளியும் எவ்வளவோ பேசிப் பார்த்தார். நடக்கவில்லை. ஆக, விஜயதசமி காலை வரைக்கும் அந்தக் காம்பவுண்டில் யார் உள்ளே நுழைந்தாலும் என் அரண்மனைச் சட்டம் அப்படியே அமலில் இருந்தது. டிரைவர்கள் வேலையே இல்லாமல் எடைமேடைக்குப் போய் ஒருமுறை நுழைந்துவிட்டு வந்தார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் பார்க்க வந்ததாகக் கேள்வி.

முதலாளியம்மா பொரிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போனார். "நீங்க ஏன் வெளியவே நிக்கிறீங்க? உங்க பொண்ணு அரண்மனைதானாமே, உள்ள வாங்க" என்றார். அவர் கேலியாகச் சொன்னாரா, உண்மையாகவே அழைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து, என் மாலை போட்ட சர்வருக்கு முன் நின்று கும்பிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பர்மனென்ட் பொய் வெளுத்துவிட்டது, என்ன கேட்பாரோ என்று நான் நெளிந்துகொண்டே வந்தேன். பெரம்பலூர் நெருங்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பியபடி, "மொதலாளி உட்பட..." என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். ஆர்டரைப் பற்றி அவர் கடைசிவரை கேட்கவில்லை.

பொங்கல் கழிந்து, அதற்கும் பிறகு பல நாள் காக்க வைத்துத்தான் ஆர்டர் வந்தது. அந்த வரவேற்பு வாசகம் விஜயதசமியன்றே 'வணக்கம்' என்று சுருங்கிவிட்டது. மகாராணி பட்டம் மட்டும் சுருங்கவில்லை. டீசல் போடுகிறவர் முதல் டீ கொண்டுவருகிறவர் வரை எல்லாருக்கும் நான் இன்றைக்கும் மகாராணிதான். நான் ஊருக்குப் போனால், அப்பா வயலிலிருந்து வந்து தன் சொந்த வீட்டு வாசலில் நின்று கனைத்துவிட்டு, "கழட்டியாச்சு மகாராணி, உள்ள வரலாமா?" என்று கேட்காமல் வரமாட்டார்.

கரும்பு வெட்டும் இடத்தில் அவர் இந்தக் கதையைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். "எம் பொண்ணு ஒரு எழுத்து எழுதுனா பாரு, அவ்ளோ பெரிய மொதலாளி செருப்பக் கழட்டிப்புட்டு நின்னாரு" என்று முடிப்பார். முதலாளி பூஜைக்காக முன்பே கழற்றியிருந்தார் என்ற விவரம் அந்தக் கதையில் எந்தத் தடவையும் வருவதில்லை.

பக்கத்தில் நின்றாலும் நான் திருத்துவதில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.