பெட்ரோல் செலவே இல்லாத கார்

சொகுசு எலெக்ட்ரிக் கார் வாங்கிய புதிதில், பெட்ரோல் பங்கைக் கடக்கும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து, வரிசையில் நிற்பவர்களை இரக்கத்தோடு பார்ப்பது என் வழக்கம். (இப்போது அவர்கள் என்னை அப்படிப் பார்க்கிறார்கள்.)

துவாக்குடியில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை. பெரிய ஆர்டர் ஒன்று வந்த மயக்கத்தில் வாங்கிய வண்டி அது. "பெட்ரோல் செலவே கிடையாது சுமதி, ஓட ஓட மிச்சம்தான்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அதை மறக்கவே இல்லை.

முதலில் டயர் போனது. வண்டி யானைக் கனம். டயர், பென்சில் அழிக்கும் ரப்பர் மாதிரி தேய்ந்தது. அந்த அளவு டயர் திருச்சியில் எந்தக் கடையிலும் கிடையாது. அப்புறம் வருஷா வருஷம் இன்ஷூரன்ஸ். அப்புறம், காட்டூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மாடு பக்கக் கண்ணாடியில் முதுகு சொறிந்துகொண்டது. கண்ணாடிக்குள் கேமரா இருந்ததாம். மாற்றுக் கண்ணாடி கடல் தாண்டி வந்தது. கடைசியாக, பேட்டரி வாரண்டி முடியப்போவதாகப் போனில் ஒரு செய்தி. அன்றைக்கே விற்றுவிட முடிவு செய்தேன்.

மருங்காபுரிப் பக்கம் போர்வெல் லாரிகள் ஓட்டும் செல்வராசு, மனைவி மல்லிகாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க வந்தார். வயிறு நிறைந்தவர் பேரம் பேச மாட்டார் என்பது என் வியாபார மூளை. வத்தக்குழம்பு, வடை, பாயசம் என்று விருந்தே வைத்துவிட்டேன். நானும் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டேன்.

ஒரே ஒரு சிக்கல். முந்தின நாள்தான் வீட்டுச் சார்ஜர் புகைந்து உயிரை விட்டிருந்தது. வண்டியில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். சார்ஜ் அளவு காட்டும் மூலையில் ஒரு சின்னப் பெருமாள் படத்தை ஒட்டிவிட்டு, "வாங்க, ஸ்ரீரங்கம் வரைக்கும் ஒரு டெஸ்ட் டிரைவ் போயிட்டு வரலாம்" என்றேன்.

முன்னால் நானும் செல்வராசுவும். பின்னால் சுமதியும் மல்லிகாவும். நான் மோட்டாரின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தேன். வண்டியில்தான் சத்தமே கிடையாதே! பின் சீட்டுப் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"சர்வீஸெல்லாம் இங்கயே பண்ணிக்கலாமாக்கா?"

"சென்னைக்குத்தான் போகணும். ரெண்டு தடவை போச்சு. ரெண்டு தடவையும் லாரி மேல ஏறித்தான் போச்சு."

"அப்ப பெட்ரோல் செலவு?"

"அது சுத்தமா கிடையாதுங்க. லாரிக்கு டீசல் செலவுதான்."

நான் பாட்டைச் சத்தமாக வைத்தேன். பாட்டையும் மீறி மல்லிகாவின் குரல் வந்தது.

"பேட்டரி போனா மாத்தணுமாமேக்கா?"

"அந்தப் பயத்துலதான் மாடி கட்டறதை நிறுத்தி வச்சிருக்கோம்."

செல்வராசு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பெருமாளைப் பார்த்தேன்.

நல்லவேளையாக அதற்குள் காவிரிப் பாலம் வந்தது. ஆவணி மாதம், கரை தொட்டு நீர். பின்கண்ணாடியில் மலைக்கோட்டை மெல்லச் சிறுத்துக்கொண்டே போனது; எதிரே தென்னந்தோப்புகளுக்கு மேல் ராஜகோபுரம் வெயிலில் மிதந்தது. சக்கரம் சாலையில் படுகிறதா, தண்ணீரில் படுகிறதா என்றே தெரியவில்லை. பின் சீட்டிலும் தலைகள் ஆற்றுப் பக்கம் திரும்பின. அந்த ஒரு நிமிஷம், எனக்கே அந்த வண்டியை வாங்க வேண்டும் போலிருந்தது.

அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் ஒரு மரத்தடியில் நிறுத்தி, என் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "இந்த சீட்டு மசாஜ் பண்ணும். சும்மா சாஞ்சு பாருங்க." நாலு சீட்டையும் சாய்த்து ஏசியைக் கூட்டினேன். முதுகுக்குள் யாரோ மெதுவாக மாவு பிசைவது போலிருந்தது. இலை நிழல் கண்ணாடியில் ஆடியது. செல்வராசு, "அடடா" என்றார். அடுத்து வந்தது குறட்டை.

கனவில் நான் காவிரியில் போய்க்கொண்டிருந்தேன். காரா, பரிசலா, தெரியவில்லை. சார்ஜும் தேவையில்லை, டயரும் தேவையில்லை. கரையில் நின்ற சுமதி கோபமே இல்லாமல் கையசைத்தாள். (அதிலேயே கனவு என்று நான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.)

"உசிரு இருக்கான்னு பாருங்க!" என்ற குரலும், கண்ணாடியைத் தட்டும் சத்தமும் எழுப்பின. ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்தவர்கள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். உள்ளே நாலு பேர், நாலு திறந்த வாய், வேர்வை வெள்ளம். வெளியே பொழுது சாய்ந்திருந்தது. பெருமாள் படத்தை உரித்துப் பார்த்தேன். திரை முழுக்கக் கறுப்பு. ஏசியும் மசாஜும் சேர்ந்து இருந்த கொஞ்சத்தையும் குடித்துவிட்டன.

"தள்ளிப் பாப்போமா?" என்று நாலு பேர் கை வைத்தார்கள். சக்கரம் அசையவில்லை. லாரி வந்தது. மூன்றாவது தடவையாக என் கார் லாரி ஏறியதை ஸ்ரீரங்கமே வேடிக்கை பார்த்தது. செல்வராசு தம்பதி பஸ் ஏறிப் போனார்கள். அவர்களுக்குக் கையசைக்கக்கூட எனக்கு முகமில்லை.

மறுநாள் செல்வராசு போன் செய்தார். "அண்ணே, நேத்து மாதிரி நான் தூங்கிப் பல வருஷமாச்சு. வண்டி வேண்டாம். அந்த சீட்டு மட்டும் தனியா குடுப்பீங்களா?"

கொடுக்கவில்லை. வண்டி இன்னும் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் யாராவது போன் செய்து நான் இருக்கிறேனா என்று கேட்டால், சுமதி படுக்கையறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள்:

"அவர் டெஸ்ட் டிரைவ் போயிருக்காருங்க. எழுந்ததும் பேசச் சொல்றேன்."