மாமனார் வீட்டில் நின்ற உலக்கை

தெரிந்த விஷயத்தை மனிதன் மெதுவாகச் சொல்வான். தெரியாததைத்தான் மேசையைத் தட்டிச் சொல்வான். எண்பதுகளில் ஒருநாள், ஜெலுத்தோங்கில் என் வருங்கால மாமனார் வீட்டு மேசையை நான் தட்டிய தட்டில் டீ கிளாஸ் குதித்தது.

அப்போது பாயான் பாருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நான் டெக்னீஷியன். (பயிற்சி முடித்த நாளிலிருந்து விஞ்ஞானமே என் சட்டைப் பையில் இருப்பதாக நினைப்பு.) கல்யாணத்துக்கு மஞ்சள் இடிக்க உரலும் உலக்கையும் வந்து இறங்கியிருந்தன. அந்த வாரம் பார்த்துச் சூரிய கிரகணம்.

“கிரகணம் பிடிக்கிறப்போ தாம்பாளத்துல தண்ணி ஊத்தி உலக்கைய வெச்சா தானா நிக்கும். கிரகணம் விட்டதும் விழுந்துடும்,” என்றார் என் வருங்கால மாமியார்.

பேசாமல் டீயைக் குடித்திருக்கலாம். வாயில் சனி.

“சும்மா கதை லா அத்தை! உலக்கையாவது, நிக்கிறதாவது!” (மலாய் கலந்த எங்கள் ஊர்த் தமிழில் ‘லா’ ஒட்டாமல் பேச்சு முடியாது.)

“நிச்சயமா தெரியுமா தம்பி?” என்றார் மாமா. அதிகம் பேசாத மனிதர்.

“கன்ஃபர்ம் மாமா! நின்னுச்சுன்னா இந்த வீட்டுப் படியே மிதிக்க மாட்டேன்!”

கதவோரம் நின்ற மலர் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள்தான் மணப்பெண். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் சொல்லியாயிற்று. அவளை எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது (அதுதான் அதிசயம்). அத்தனையையும் ஒரு மரக்கட்டையின் மேல் பணயம் வைத்துவிட்டேன்.

கிரகணத்தன்று அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பட்டப்பகலில் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. அத்தை தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, உலக்கையை நிறுத்தி, மெல்லக் கையை எடுத்தார்.

நின்றது.

ஆட்டமில்லை, அசைவில்லை. நான் குனிந்து பார்த்தேன், சுற்றிவந்து பார்த்தேன், மூச்சுக்கூட விடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

அத்தை வாசல்படியை ஒரு பார்வை பார்த்தார். நான் ரோஷக்காரனாயிற்றே! செருப்பை மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிள் நின்ற தகரக் கொட்டகைக்கு நடந்தேன். அவசரத்தில் சாவியைத் தலைகீழாகச் செருகிக்கொண்டிருந்தேன்.

“கோவிச்சுக்கறது அப்புறம். கொஞ்சம் கீழ பாருங்க!”

கிரகண நேரத்தில் வெளியே வரக்கூடாத மலர், எனக்காக வந்து நின்றாள்.

சிமெண்டுத் தரை முழுக்கப் பிறைகள்! தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியாகத் தினமும் வட்ட வட்டமாக விழும் வெயில், அன்று பிறை பிறையாக விழுந்து கிடந்தது. வண்டி சீட்டில் பிறை, என் சட்டையில் பிறை, நீட்டிய அவள் உள்ளங்கையிலும் ஒரு பிறை.

“ஏங்க இப்படி?”

“தெரியல,” என்றேன். நான் அறிந்து அந்தச் சொல்லை என் வாய் சொன்னது அதுவே முதல்முறை. அடடா, வானத்தில் நடப்பதெல்லாம் இந்தப் பழைய கொட்டகைக்குள்ளும் நடக்கிறதே என்று வாய் பிளந்து நின்றேன். பிறைகள் மெல்லப் பருத்து மறுபடி வட்டமாகும்வரை இருவரும் நகரவில்லை. புறப்பட வேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

உள்ளேயிருந்து அத்தை அலறினார்: “ஐயையோ, கிரகணம் விட்டுருச்சே! இது ஏன் இன்னும் விழல?”

ஓடினோம். (படியை மிதித்துத்தான்.) உலக்கை அப்படியே நின்றுகொண்டிருந்தது. அடியில் தட்டையாக இரும்புப் பூண் போட்ட உலக்கை. என்றைக்கு வைத்தாலும் நிற்கும். கிரகணம் இல்லாத நாளில் அதை யாரும் நிறுத்திப் பார்த்ததில்லை, விஞ்ஞானியான நான் உட்பட. அத்தையின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மாமா எழுந்தார். “நிக்காதுன்னவரும் தோத்தாச்சு, விழும்னவங்களும் தோத்தாச்சு. ரெண்டு பேரும் தலை முழுகிட்டு வாங்க லா, பசிக்குது.”

கல்யாணம் நடந்தது. அந்த உலக்கைதான் மஞ்சள் இடித்தது. பிறைகள் ஏன் விழுந்தன என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். (ஒவ்வொரு ஓட்டையும் சூரியனின் உருவத்தையே தரையில் விழவைக்குமாம்.) ஆனாலும் நினைத்தால் இன்றைக்கும் சிலிர்க்கிறது. வீட்டில் நான் எதையாவது “கன்ஃபர்ம்” என்று ஆரம்பித்தால் மலர் எதிர்த்துப் பேசுவதில்லை. மகள் எழுந்துபோய்த் தாம்பாளத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்பாள்:

“தண்ணி ஊத்தவாப்பா?”