சுவர்களோடு சண்டையிட்ட கண்ணாடியார்

திருச்சிராப்பள்ளியில் சுவர்களை நேருக்கு நேர் நின்று திட்டிய ஒரே மனிதர் கண்ணாடியார்தாம் என்று நான் எந்தச் சபையிலும் சாட்சி சொல்வேன். ஒலிப்பதிவுக் கூடங்களைச் செப்பனிடுவது அவர் தொழில். கக்கத்தில் எந்நேரமும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தமையால் அப்பெயர். கல்யாண மண்டபத்துக்குச் சென்றாலும், மணமக்களை வாழ்த்துமுன் ஒருமுறை ஓங்கிக் கைதட்டுவார். "மந்திரம் ரெண்டு தடவை கேக்குது. ரெண்டு கல்யாணம் ஆயிடப் போகுதுங்க!" என்று பெண்வீட்டாரைக் கலங்கடிப்பார்.

என் மருமகன் பார்த்த வேலையை விட்டுவிட்டு, பாலக்கரையில் எங்கள் மாடியறையில் ஒலிப்பதிவுக் கூடம் தொடங்கியிருந்தார். அங்கே பதிவுசெய்து சீர்செய்த பாட்டு அங்கே தேனாக இனித்தது. வெளியே கேட்டால் தகரமாக ஒலித்தது. ஸ்ரீரங்கத்துப் பாகவதர் ஒருவர் தம் பாசுரங்களையெல்லாம் பதிவு செய்ய எண்ணி, ஞாயிறன்று ஒன்றைப் பாடிப் பார்க்க வருவதாக இருந்தார். அவரும் கைவிட்டால் கூடத்தை மூடுவதன்றி வேறு வழியில்லை. கண்ணாடியார் வரவழைக்கப்பட்டார்.

"ஸ்பீக்கர் பெட்டியிலேருந்து சத்தம் நேரா காதுக்கு வருதுங்க. அதே சத்தம் சுவத்துல மோதி, ஒரு துளி பிந்தி வந்து அதோட கலந்துடுது. நீங்க கதை சொல்லச் சொல்ல, உங்க வீட்டம்மாவும் அரை வார்த்தை பிந்தி அதே கதையைச் சொன்னா, கேக்கிறவருக்கு என்ன விளங்கும்?"

"அவர் தனியாச் சொன்னாலே விளங்காது" என்றாள் காபி கொண்டுவந்த என் மனைவி.

கண்ணாடியார் மாப்பிள்ளையை அவருடைய இருக்கையில் அமர்த்தி, கண்ணாடியைச் சுவரோடு சுவராக நகர்த்தினார்.

"பெட்டி தெரியுதா?"

"இல்லைங்க."

"இப்ப?"

"தெரியுது!"

"சிக்கினான் திருடன்!"

கண்ணாடியில் பெட்டி தெரிகின்ற இடமே சத்தம் மோதித் திரும்புகின்ற இடமாம். அங்கே துணி போர்த்திய தடித்த பஞ்சுப் பலகையை மாட்டினார். இடச்சுவர், வலச்சுவர், தலைக்கு மேலே கூரை என ஒவ்வொரு திருடனாக அகப்பட்டான். ஆயினும் ஞாயிறு காலையில், "இன்னும் ஒண்ணு கீச்சுனு வருதே!" என்று அறையைச் சுற்றியவர், என்னெதிரே வந்து நின்றுவிட்டார். குடும்பத் தலைவன் என்ற முறையில் மாப்பிள்ளைக்கு வலப்புறம் அமர்வது என் வழக்கம். கண்ணாடி என் வழுக்கையருகே வந்தது.

"பெட்டி தெரியுதா மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "மாமா தப்பா நினைக்கக் கூடாது..."

"அட, சொல்லுங்க!"

"கண்ணாடி இல்லாமலே தெரியுதுங்க."

நான் எழுந்தேன். கண்ணாடியார் என் தோளை அழுத்தி அமர்த்தினார். பெரிய பூத்துண்டு ஒன்றை மடித்து என் தலையில் முண்டாசாகக் கட்டினார். அதே நேரம் பாகவதர் படியேறி வந்தார்.

அவர் பாடினார், மாப்பிள்ளை சீர்செய்தார். பாகவதர் அறையில் கேட்டார். வாசலுக்கு இறங்கித் தம் காரிலும் போட்டுக் கேட்டார். மூச்சிரைக்க மீண்டும் மேலே வந்தார்.

"இத்தனை நாள் சுவத்துக்குள்ளேர்ந்துன்னா பாடிண்டிருந்தேன்! இன்னிக்குத்தான் வெளியில வந்திருக்கேன். எல்லாப் பாசுரமும் இங்கேதான்!"

என் முண்டாசைக் கண்டு யாரோ மகாவித்துவான் என்றெண்ணி, தம் பட்டு அங்கவஸ்திரத்தை எனக்குப் போர்த்திவிட்டும் போனார்.

மாலையில் கண்ணாடியாரை வையம்பட்டிப் பேருந்தில் ஏற்றிவிடச் சென்றேன்.

"என்னைக் கீழே போகச் சொல்லியிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே?"

"முடிஞ்சிருக்கும்ங்க. ஆனா நீங்க பக்கத்துல இல்லாட்டி மாப்பிள்ளைக்குக் கை ஓடலை. பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

பேருந்து வந்தது. அடுத்ததில் போகலாம் என்று அவருடைய பையை நான் வாங்கிக்கொண்டேன்.