சேனாபதியைக் கேட்காமல் அப்டேட் ஆகாது

கம்ப்யூட்டர் திரையின் மூலையில் "புதிய பதிப்பு தயார், இப்போதே நிறுவட்டுமா?" என்று ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தால், அதை வசூலுக்கு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்து, "அப்புறம்" என்ற பொத்தானை அழுத்தி அனுப்பிவைக்கிற ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அமெரிக்காவில் நம்மவர்கள் குடியிருக்கும் எந்தத் தெருவிலும் ஒருவராவது இருப்பார். அந்த இனத்தில் அப்பழுக்கில்லாத ஒரு மாதிரி, டெக்சாஸ் மாநிலத்து ஆலன் நகரில் வசிக்கும் ஈரோட்டுச் சேனாபதி.

சேனாபதிக்கு அப்டேட்டின் மேல் பகை கிடையாது. கேட்காமல் வருவதன் மேல்தான் பகை. "என்ற மெஷினு. நான் சொன்னாத்தான் அது அசையோணும்" என்பார். கார் கேட்கும், டிவி கேட்கும், ஏசியை ஆளும் சுவர்ப் பெட்டி கேட்கும், கராஜ் கதவு கேட்கும், புல்லுக்குத் தண்ணீர் விடும் மிஷின்கூடக் கேட்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். அதனால் மழை கொட்டும்போதும் அவர் வீட்டுப் புல்லுக்குத் தண்ணீர் பாயும். பாயட்டுமே! அவர் அனுமதியோடுதானே பாய்கிறது?

அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருமுறை கேட்காமல் வந்த அப்டேட் ஒன்று அவருடைய தமிழ் விசைப்பலகையை எங்கோ கொண்டுபோய் ஒளித்துவைத்துவிட்டது. சொந்த வீட்டில் சொந்த எழுத்தைத் தேடுகிறவனின் வயிற்றெரிச்சல் லேசானதா?

ஆனால் சேனாபதி என்ன வேலை பார்க்கிறார் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. ஒரு மென்பொருள் கம்பெனியில் அப்டேட் அனுப்புகிற வேலை. ஊர்பேர் தெரியாத லட்சம் பேருடைய கம்ப்யூட்டர்களில், அவர்கள் அவசரமாக எதையாவது தட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று பாராமல், புதிய பதிப்பை இறக்கிவிட்டுக் காபிக்குப் போகிறவர் அவர். "யூசர் கையில விட்டா ஒருத்தனும் பண்ண மாட்டான்" என்று மீட்டிங்கில் வாதாடி, "அப்புறம்" பொத்தானையே எடுக்கவைத்தவரும் அவரே. அது ஆபீஸ். இது வீடு.

வீட்டில் எந்த அப்டேட்டுக்கும் நேரம் பார்க்க வேண்டும். மளிகைக் கடையில் இனாமாகக் கொடுத்த தினசரிக் காலண்டர் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் தொங்குகிறது. செவ்வாய்க்கிழமை ஆகாது. அஷ்டமி, நவமி ஆகாது. கரிநாள் கூடவே கூடாது. அவருடைய ராசிக்குச் சந்திராஷ்டமம் என்றால் போனுக்குச் சார்ஜ் போடவே யோசிப்பார்.

"டாட், தட் கேலண்டர் இஸ் ஃபார் இந்தியா" என்றாள் மகள் வெண்பா.

"ராகுவுக்கு டைம் ஜோன் கெடையாது கண்ணு."

இப்படி ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு லேப்டாப்பே கைவிரித்துவிட்டது. "இனி ஒத்திப்போட முடியாது. வசதியான நேரத்தை நீங்களே குறியுங்கள்." சேனாபதிக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு மெஷின் அவரிடம் நாள் குறிக்கச் சொல்கிறது! காலண்டரைப் புரட்டினார். புதன்கிழமை காலை ஒன்பதே கால், நல்ல நேரம். அவர் ஆபீஸில் இருப்பார், வீட்டில் யாரும் லேப்டாப்பைத் தொட மாட்டார்கள். குறித்துவிட்டார்.

யாரும் என்றால், அவர்.

அவர் மனைவி சாந்தாமணி எம்.காம். படித்தவர். கணவரின் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்து, வேலைக்குப் போகும் உரிமை இல்லாமல் வருஷக்கணக்காக வீட்டில் இருந்தவர். போன மாதம்தான் அனுமதி அட்டை வந்தது. பல் மருத்துவமனை ஒன்றில் கணக்குப் பிரிவு வேலை, வீடியோவில் இன்டர்வியூ. மூன்று நேரங்கள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். அவரும் ஃப்ரிட்ஜ் பக்கம் போய் அதே தாளைத்தான் பார்த்தார்.

"ஏனுங்க, புதன்கிழமை நல்ல நேரத்துல இன்டர்வியூ வெச்சிருக்கேனுங்க."

"ம்" என்றார் சேனாபதி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புதன்கிழமை வந்தது. சாந்தாமணி தலைவாரி, நல்ல குர்தா போட்டுக்கொண்டு, லேப்டாப் முன் உட்கார்ந்தார். எதிரே ஒரு வெள்ளைக்கார அம்மாள் சிரித்த முகமாக, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். சாந்தாமணி ஊர், படிப்பு என்று தொடங்கி இரண்டாம் வாக்கியத்தில் இருந்தபோது பெட்டி ஒன்று முளைத்தது. "நீங்கள் குறித்த நேரம் வந்துவிட்டது." அவ்வளவுதான். அந்த அம்மாளின் முகம் போய்த் திரை நீலமானது. நான்கு சதவீதம்.

போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, என்னமோ பர்சன்டேஜ் ஓடுதுங்க! இன்டர்வியூ நடக்குது!"

"அதைத் தொட்டுறாத புள்ள! பாதியில ஆஃப் பண்ணுனா மொத்தமும் போயிரும்!"

"போறது மொத்தமும் என்ற இன்டர்வியூங்க! எப்ப முடியும் இது?"

மறுமுனையில் சேனாபதி, ஆயுளில் முதல்முறையாக, "அது நம்ம கையில இல்ல" என்றார்.

பள்ளி விடுமுறையில் இருந்த வெண்பா படியில் தடதடவென்று இறங்கி வந்து, "அம்மா, யூஸ் மைன்" என்று தன் போனை நீட்டினாள். அது யாரிடமும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல், தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் போன். சாந்தாமணி அதைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து, மூச்சு வாங்க மறுபடி இணைந்தார்.

என்ன ஆயிற்று என்று கேட்டார் அந்த அம்மாள். கணவர் இதே நேரத்துக்கு அப்டேட் குறித்துவைத்திருந்தார் என்று உள்ளதைச் சொன்னார் சாந்தாமணி.

"உங்களைக் கேட்காமலா?"

சாந்தாமணி சிரித்துவிட்டார். அந்த அம்மாளும் சிரித்தார். அதற்குப் பிறகு இன்டர்வியூ நன்றாகவே போனது.

சாயங்காலம் சேனாபதி ஒரு பெட்டி லட்டோடு வீட்டுக்கு வந்தார். லேப்டாப் நூறு சதவீதம் முடிந்து புதுப் பெண்போல் இருந்தது. அதைக் கொஞ்சம் பெருமையாகவே பார்த்துவிட்டு, மனைவி பக்கம் திரும்பினார்.

"ரெண்டாவது ரவுண்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு. சரின்னு சொல்லிட்டேனுங்க" என்றார் சாந்தாமணி.

சேனாபதியின் கண் ஃப்ரிட்ஜுக்குப் போயிற்று. "வெள்ளிக்கிழமை பதினொண்ணா? ராகு காலமல்லோ? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே புள்ள?"

சாந்தாமணி ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் சேனாபதி இல்லை. உங்கள் போன் தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது, நல்ல நேரம் கெட்ட நேரம் எல்லாம் நீங்கள் பார்ப்பதில்லை. ரொம்ப நல்லது. அது கிடக்கட்டும், வருகிற சனிக்கிழமை மூன்று குடும்பத்தைச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறீர்களாமே. சமைக்கப்போகிறவரிடம் சொல்லிவிட்டீர்களா?