தொட்டு எழுந்தால் இரண்டு

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளையும் விமான நிலையப் பொன்விழா மலரின் பொறுப்பாசிரியருமான தங்கள் சமூகத்திற்கு,

மாடியில் வசிக்கும் தங்கள் மாமியார் பணிவுடன் எழுதிக்கொள்வது. கீழ்த்தளத்தில் தாங்கள் நலமாக இருப்பதை இன்று காலை பல் துலக்கிய ஓசையிலிருந்தே அறிந்துகொண்டேன். திங்கட்கிழமையே வந்திருக்க வேண்டிய இக்கடிதம் இத்தனை தாமதமாக வருவதற்குப் பொறுத்தருள வேண்டும். முதல் இரண்டு முறை எழுதியவற்றில் கோபம் மிகுந்து மரியாதை குறைந்துவிட்டபடியால் கிழித்தெறிய நேர்ந்தது. இது மூன்றாவது.

மலருக்காகத் தாங்கள் எழுதிய கட்டுரையைச் சாப்பாட்டு மேசையில் சூடான பாத்திரத்துக்கு அடியில் கண்டெடுத்தேன். அதில் "ஆவி விமானங்கள்" என்றொரு துணைத் தலைப்பு. "விரல்விட்டு எண்ணக்கூடிய விமானங்களே வந்துபோன நமது சிறு நிலையம், பதிவேட்டில் மட்டும் தலைநகரத்தை மிஞ்சியிருந்தது; பதிவுப் பிரிவினரின் கற்பனை வளத்தை என்னென்பது!" என்று எழுதியிருக்கிறீர்கள். பன்மையில் குறிப்பிட்டமைக்கு நன்றி. அந்தப் பிரிவில் இருந்தது நான் ஒருத்தி மட்டுமே. உணவு வேளையில் இதைக் குறித்து நான் மிகத் தன்மையாகக் கேட்டபோது தாங்கள் வாயில் இருந்ததை விழுங்கக்கூடச் செய்யாமல், "அட, விடுங்க அத்தை, அந்தக் காலத்துல யாரு போய் எண்ணிப் பாத்தாங்க?" என்றீர்கள். தங்கள் மனைவி, நான் பெற்று வளர்த்த மகள், "அம்மா, ஒரு பத்திதானேம்மா, அதுக்கு ஏன் தட்டை இப்படி வைக்கிற?" என்றாள். தங்கள் மாமனாரோ செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும் என்பது எனக்கல்லவா தெரியும்.

யார் எண்ணினார்கள் என்றா கேட்கிறீர்கள்? கோபுரம் எண்ணியது. நான் எழுதினேன். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குக் கீழே, மாடிப்படியின் வளைவுக்குள், ஜன்னலே இல்லாத அறை என்னுடையது. ஒரு விமானத்தின் வாலைக்கூட அங்கிருந்து காண இயலாது. பயணிகள் விமானம் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு காகிதத் துண்டில் விவரம் எழுதுவார்கள்; பணிமுறை முடிந்ததும் அவை கட்டாக என்னிடம் இறங்கி வரும். விமானத்தின் அடையாள எழுத்துகள், எங்கிருந்து, எங்கே, எந்த நேரம், எல்லாவற்றையும் பேரேட்டில் ஏற்றிக் கார்பன் தாள் வைத்து மேலிடத்துக்கு ஒரு நகல் அனுப்புவேன். பயிற்சி விமானம் மட்டும் வேறு வகை. அது நாள் முழுதும் வட்டமடித்துச் சக்கரத்தால் ஓடுதளத்தைத் தொட்டுவிட்டு உடனே எழும்பும். அதற்கெல்லாம் துண்டு எழுதி மாளாது என்பதால், ஒவ்வொரு முறையும் கோபுரத்திலிருந்து தொலைபேசியில் சொல்வார்கள். தொட்டு எழுந்தால் இரண்டு: ஒரு வருகை, ஒரு புறப்பாடு. இது நான் இட்டுக்கட்டியதன்று, விதிப்புத்தகம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை கற்றவள். முதுகலை படித்த தாங்கள் அதன் அட்டையையாவது பார்த்திருக்கிறீர்களா?

அப்போது பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவரைத் தவளை என்பார்கள். இறங்கத் தெரியாமல் ஓடுதளம் நெடுகக் குதித்துக்கொண்டே போவாராம். அக்காலத்தில் கோபுரத்தில் உதவியாளராயிருந்த தங்கள் மாமனார்தான் சொல்வார்: "எறங்கிட்டாருங்க... ஐயோ, ஏறிட்டாரு... மறுபடி எறங்கிட்டாரு. மூணு போட்டுக்கோங்க."

"குதிச்சதைச் சொல்றீங்களா, பறந்ததைச் சொல்றீங்களா?" என்று நான் கறாராகக் கேட்பேன்.

"சக்கரம் தரையில இல்லீங்க. விதி என்ன சொல்லுது?"

விதிப்படி மூன்றுதான். போட்டேன்.

என் பேரேட்டில் தவளையின் கணக்கு உச்சத்தில் இருந்த வாரத்தில் பயிற்சி விமானத்தின் முன்விசிறி கழற்றிப் பழுதுபார்க்கப்பட்டது என்று கட்டுரையில் பட்டறைக் குறிப்பைக் காட்டுகிறீர்கள். மாட்டி ஓட்டிவிட்டு மறுபடி கழற்றியிருக்கலாம். அத்தனை முறை பறக்கப் பெட்ரோல் ஏது என்கிறீர்கள். பெட்ரோல் கணக்கு எழுதியவர் மதியத்துக்கு மேல் கண் திறந்து நான் கண்டதில்லை. மூடுபனியால் காக்கைகூடப் பறக்காத நாளில் தவளை எப்படிப் பறந்தார் என்று கேலி வேறு. அதுதான் விடாமுயற்சி, மாப்பிள்ளை! அன்றுதான் கோபுரத்திலிருந்து எனக்கு ஓயாமல் அழைப்பு வந்தது. எழுதி எழுதி விரல் வீங்கியது. என் எண்ணிக்கையைக் கண்டல்லவா மேலிடம் நமக்கு இரண்டாவது ஓடுதளம் தந்தது? அதன் மேல் நின்றுகொண்டே என்னை ஆவி விமானம் ஓட்டியவள் என்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே, அந்தப் பத்தியை அடியோடு நீக்கி, "எண்ணிக்கை அனைத்தும் ஐயத்திற்கு இடமின்றிச் சரியானவை" என்று கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டுமாய்க் கோருகிறேன். தவறினால் விழா மேடையில் என் நாற்காலி காலியாக இருக்கும். மலர் சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்பதை நினைவூட்டுகிறேன்.

தாங்களும் என் மகளும் குறைவின்றி நீடூழி வாழ்க.

இங்ஙனம்,
தங்கள் மாமியார்,
பதிவுப் பிரிவு (ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் சாட்சிக் கையொப்பம் வேண்டி இதைத் தங்கள் மாமனாரிடம் நீட்டினேன். கடைசி வரி வரை படித்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. தவளை பாதி நாள் வரவே மாட்டான்."

"அப்ப யாரு எறங்கினது?"

"யாரும் எறங்கல. ஃபோனை எடுத்ததும் 'பதிவுப் பிரிவு, சொல்லுங்கள்'னு ஒரு குரல்ல சொல்லுவியே. அதைக் கேக்க எனக்கு ஒரு காரணம் வேணாமா?"

"மூடுபனி அன்னிக்கு?"

"அன்னிக்கு எனக்கு வேற வேலையே இல்ல."

"ரெண்டாவது ஓடுதளம் போட்டாங்களே, ஐயா!"

"அதுக்கு நான் என்ன பண்றது? நீ அவ்வளவு அழகா எழுதி அனுப்பிட்ட."

அவருடன் நான் பேசுவதாக இல்லை. மேலே கண்டவற்றில் எண்ணிக்கை நீங்கலாக மற்றவை யாவும் உண்மை. கொட்டை எழுத்துத் திருத்தம் வேண்டாம். கற்பனை வளம் இருந்துவிட்டுப் போகட்டும். "பதிவுப் பிரிவினரின்" என்பதை மட்டும் "கோபுரத்தாரின்" என்று மாற்றிவிடவும். பக்கத்தில் இடம் மீந்தால் எங்கள் திருமணப் புகைப்படம் பீரோவில் இருக்கிறது. மேடைக்கு வருகிறேன், ஒரு நாற்காலி அவருக்கும் போடவும், என்னுடையதிலிருந்து சற்றுத் தள்ளி. இரண்டாவது ஓடுதளத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

விரைந்து பதில் எழுதவும்.